பொறுக்குவோரும் எறிவோரும்

ஒரு மொழியில் வழங்கும் வசைச்சொற்களை ஆராய்வோர் அம்மொழி பேசும் சமுதாயத்தின் வர்க்க வரலாற்றிலே ஒரு பகுதியை அறிந்துகொள்ளலாம். 'பொறுக்கி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பொறுக்குதல் என்பது சிந்திக் கிடப்பதைக் குனிந்து எடுத்தலைக் குறிக்கும் வினை. அதில் இழிவு எதுவும் இல்லை. அருவி வெட்டு முடிந்த வயலில் உதிர்ந்து கிடந்த கதிர்களைப் பொறுக்கித் தம் பிள்ளைகளின் பசியாற்றிய ஏழைப் பெண்களை நமது கிராமங்கள் நன்கறியும். ஆயினும் அவ்வினையைச் செய்தவனுக்கு உரிய பெயர் காலப்போக்கில் ஒழுக்கங்கெட்டவனைச் சுட்டும் வசையாகிவிட்டது. இதே வினையை வடமொழியாளர் 'உஞ்சவிருத்தி' என்றனர். அறுவடையான நிலத்திற் சிந்திய தானியத்தைப் பொறுக்கி உண்ணும் அந்தணனின் வாழ்வு மகாபாரதத்திலே மிக உயர்ந்த அறவாழ்வாகப் போற்றப்படுகிறது. செயல் ஒன்றே, செய்தவரின் சமுதாய நிலை வேறு. ஆதலால் ஒருவருக்குப் புகழும் மற்றவருக்கு வசையும் கிடைத்தன. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தன் பொருளைத் தானே அழிப்பவனை நாம் ஊதாரி என்கிறோம். பிறர் பசித்திருக்க உணவை எறிபவனுக்கோ நம் மொழியில் தனிப்பெயர் இல்லை.

இவ்வெண்ணங்கள் எம் மனத்தில் எழக் காரணமாயிருந்தது, பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் அன்யேஸ் வார்டா அம்மையார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு விவரணப்படம். அதன் தலைப்பைப் 'பொறுக்குவோரும் பொறுக்குபவளும்' என்று தமிழிற் கூறலாம். பொறுக்குவோர் ஏழைகள், பொறுக்குபவள், காட்சிகளைப் பொறுக்கும் வார்டா அம்மையாரே. மில்லே என்ற ஓவியர் 1857இற் காட்சிக்கு வைத்த, வயலில் மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்கும் புகழ்பெற்ற ஓவியத்திலிருந்து படம் தொடங்குகிறது. குனிந்த மூன்று முதுகுகளைக் கண்டு அக்காலத்து மேட்டுக்குடி விமர்சகர் சிலர் புரட்சியின் நிழலைக் கண்டாற்போல அஞ்சினர் என்பது கலை வரலாறு அறிந்த செய்தி. இன்று குனிபவர்கள் யார், எங்கே குனிகிறார்கள் என்ற வினாவோடு, கையில் ஒரு சிறிய கமெராவை ஏந்திப் பிரான்ஸ் தேசத்தின் வயல்களையும் சந்தைகளையும் குப்பைத் தொட்டிகளையும் நாடிச் செல்கிறார் அம்மையார்.

படத்தின் சிறப்புக்களை முதலிற் கூறிவிடுவது முறை. அதில் வரும் மனிதர்கள் இரக்கத்துக்குரிய பொம்மைகளாகக் காட்டப்படவில்லை. கலைந்த சந்தையில் எஞ்சிய காய்கறியையும் பழத்தையும் அங்கேயே உண்ணும் ஒருவர் வருகிறார். விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், இரவுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கு ஊதியமின்றி எழுத்தறிவிக்கிறார். வேறொருவர் தொழில் உள்ளவர். கையிற் காசில்லாமையால் அன்று, உணவு வீணாவதைப் பொறாமல் ஆண்டுக்கணக்காகக் குப்பைத் தொட்டியிலிருந்து உண்கிறார். குறித்த பருமனில் அடங்காத உருளைக்கிழங்குகள் லொறியிற் கொண்டுவந்து வயலிற் கொட்டப்படுகின்றன; இதய வடிவான கிழங்குகள் சிலவற்றை அம்மையார் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறார். சட்டத்தரணி ஒருவர் தம் கறுப்பு அங்கியோடு வயலின் நடுவே நின்று, அறுவடைக்குப் பின் பொறுக்குவது ஏழையின் உரிமை என்பதை 1554ஆம் ஆண்டின் அரச கட்டளை தொடங்கி எடுத்துரைக்கிறார். நகைச்சுவையும் மனிதநேயமும் கலந்த இக்காட்சிகளை எளிதில் மறத்தற்கியலாது.

எனினும் எம் ஆராய்ச்சிக்கு முக்கியமான காட்சி வேறொன்று. பிராட் என்னும் தென்பிரான்சியச் சிறு நகரில், பேரங்காடி ஒன்றின் பின்புறத்துத் தொட்டிகளிலிருந்து இளைஞர் சிலர் உணவெடுத்து வந்தனர். அங்காடியின் முகாமையாளர் அவ்வுணவின் மீது வெளிற்றும் திரவத்தை ஊற்றுவித்தார். ஆத்திரமுற்ற இளைஞர் தொட்டிகளைச் சேதப்படுத்தினர், நீதிமன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முகாமையாளரும் இளைஞரும் நீதவானும் படத்திலே தனித்தனியே பேசுகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் நியாயத்தைச் சொல்லி முடித்ததும் அம்மையார் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

இங்கேதான் எமது கருத்து வேறுபாடு தொடங்குகிறது. தொட்டியிலிருந்து உணவை எடுத்தவர்கள் யார் என்பதை இப்படம் மிக நன்றாகக் காட்டுகிறது. அவ்வுணவு தொட்டிக்கு எவ்வாறு வந்தது என்பதை அது கேட்கவில்லை. கமெரா அங்காடியின் பின்வாசலில் நிற்கிறது. நாளைக்கு எத்தனை பாண், எத்தனை கட்டுக் கீரை என்று முடிவு செய்யப்படும் அறைக்குள் அது நுழையவில்லை. ஒரு கலைப்படைப்பின் எல்லை எது என்பதைக் காண்பதும் விமர்சனத்தின் கடமையாதலின், அவ்வறைக்குள் நாம் சற்று நுழைந்து பார்ப்போம்.

பேரங்காடிகளில் உணவு வீணாவதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'கவனயீனம்' என்ற சொல்லையே கையாளுகின்றனர். முகாமையாளர் கவனமாயிருந்தால், ஊழியர் பொறுப்பாயிருந்தால் இவ்வளவும் வீணாகாது என்பது அவர்கள் வாதம். இது எவ்வளவுக்கு உண்மை என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஒரு இறாத்தல் பாணின் அடக்கவிலை 40 ரூபா, விற்கும் விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்காக நாம் கொண்ட தொகைகள். நாள்தோறும் இன்னும் ஒரு இறாத்தல் கூடுதலாக வாங்கி அடுக்கலாமா என்று அங்காடிக்காரர் எண்ணுகிறார். அந்தப் பாண் பத்து நாளில் ஐந்து நாள் மாத்திரமே விற்கும். மற்றைய ஐந்து நாளும் குப்பைக்குப் போகும். விற்ற ஐந்து நாளில் 300 ரூபா இலாபம். எறிந்த ஐந்து நாளில் 200 ரூபா நட்டம். 100 ரூபா மிச்சம்! ஆகவே இரண்டு நாளுக்கொரு முறை குப்பைக்குப் போகும் என்று திட்டமாகத் தெரிந்திருந்தும் அந்தப் பாணை அடுக்குவதே அவருக்கு இலாபம். அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட, எறிவதும் இலாபகரமாகிறது. பட்டதாரி வகுப்புக்களில் வணிக முகாமைத்துவம் என்ற பெயரிற் கற்பிக்கப்படும் கணக்கு இது. இதனைக் கவனயீனம் என்று சொல்வது, கணக்கைக் கவனமாகப் பார்த்த ஒருவருக்கு நாம் செய்யும் அநியாயமன்றோ!

இதனோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. மாலை ஏழு மணிக்கு வரும் வாடிக்கையாளர் வெறுந் தட்டுக்களைக் கண்டால் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் வியாபாரிக்கு உண்டு. ஆகவே கடை மூடும் கணம் வரை தட்டுக்கள் நிறைந்திருத்தல் வேண்டும். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி பசித்தவர்க்காக வற்றாதிருந்தது. பேரங்காடியின் தட்டோ காசுள்ளவரின் கண்ணுக்காக வற்றாதிருக்கிறது. நிறைந்த தட்டின் விலையை இரவிலே குப்பைத் தொட்டி செலுத்துகிறது. பொதிகளில் அச்சிடப்படும் திகதிகளின் கதையும் இத்தகையதே. ஒருவகைத் திகதி உடல்நலம் பற்றியது. அது கடந்தபின் உண்பது ஆபத்து. மற்றொரு வகைத் திகதி சுவையும் தரமும் பற்றியது. அது கடந்த பின்னரும் உணவு உண்ணத்தக்கதே. இவ்விரண்டையும் வாங்குவோர் ஒன்றாகக் கருதுகின்றனர். விற்போரும் திகதி வருமுன்பே பண்டத்தைத் தட்டிலிருந்து அகற்றிவிடுகின்றனர். இங்கிலாந்தின் பெரும் அங்காடி நிறுவனங்கள் சில 2018ஆம் ஆண்டு முதல் பழங்கள், காய்கறிகள் பலவற்றில் இந்த இரண்டாம் வகைத் திகதியை அச்சிடுவதை நிறுத்திவிட்டன. அப்பிளின் மீது திகதி பொறிக்காமலே மனிதர் பல நூற்றாண்டுகள் அப்பிள் உண்டு வாழ்ந்தனர் என்பது அவற்றுக்கு அப்பொழுதாவது நினைவுக்கு வந்தது.

அப்படியாயின் உண்மையான கவனயீனம் எங்குமே இல்லையா? உண்டு. எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவி ஒருத்தி, பரீட்சை முடிவு வரும்வரை நகரத்துப் பேரங்காடி ஒன்றில் வேலை செய்தாள். முந்தி வந்த பாற்பொதியை முன்னுக்கும் பிந்தி வந்ததைப் பின்னுக்கும் அடுக்கவேண்டும் என்று முதல்நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆனால் மூவர் செய்யும் வேலைக்கு ஒருத்தியே நின்றாள். காசு வாங்கும் மேசைக்கும் தட்டுக்கும் குளிரறைக்குமாக ஓடியவள், புதிய பொதிகளை முன்னாலே தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். பின்னால் ஒதுங்கிய பழைய பொதிகள் அங்கேயே கெட்டன. விலையைக் குறைத்துச் சீட்டு ஒட்டும் அதிகாரம் அவளுக்கில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் இல்லை. இரவிலே பொதிகளைக் கிழித்துக் கொட்டும் வேலை மாத்திரம் தவறாமல் நடந்தது. "எறியிறதுக்கு நேரம் தருகினம், சேர், அடுக்கிறதுக்குத்தான் நேரமில்லை" என்றாள் அவள். பரீட்சைக்கு அவள் எழுதிய கட்டுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவான வசனமொன்றை நாம் கண்டதில்லை. கவனயீனம் என்று பதிவேட்டில் எழுதப்படுவது, இரண்டு தொழிலாளரின் சம்பளத்தை மிச்சம் பிடித்ததன் விளைவு. மிச்சம் முதலாளிக்கு, பழி அந்தப் பிள்ளைக்கு.

அங்காடியின் பின்வாசலில் நின்று பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். அதற்கப்பாலும் நாம் செல்லவேண்டும். வளைந்த வெள்ளரிக்காய் பற்றிய கதையைப் பலரும் கேட்டிருப்பர். ஐரோப்பிய சமூகம் 1988இல் இயற்றிய ஒழுங்குவிதியின்படி, முதற்றர வெள்ளரிக்காய் ஒவ்வொரு 10 சென்றிமீற்றர் நீளத்துக்கும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருத்தலாகாது. நகைப்புக்கிடமான இவ்விதி 2009இல் நீக்கப்பட்டது. விதி போனாலும் வளைவு விடுதலை பெறவில்லை. அங்காடி நிறுவனங்கள் தாமே வகுத்த அளவுத் திட்டங்கள் பெரும்பாலும் எஞ்சியிருந்தன. அளவில் அடங்காத காய் வயலிலேயே கிடக்கும்; அங்காடியின் கணக்கில் அது வீணானதாகப் பதியப்படுவதில்லை. அவ்வாறே, நாளை எவ்வளவு விற்கும் என்று அங்காடி தவறாகக் கணித்து, கடைசி நேரத்தில் கட்டளையை இரத்துச் செய்தால், வெட்டிய கீரை கமக்காரனின் கையில் வாடும். தவறு ஒருவருடையது, நட்டம் வேறொருவருடையது. இது எங்கோ அருமையாக நடக்கும் செயலாயிருந்தால் அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருந்திராது. விரைவிற் பழுதடையும் உணவுக்கான கட்டளைகளை 30 நாளுக்குக் குறைந்த அவகாசத்தில் இரத்துச் செய்தலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இற் பணிப்புரை விதித்தமையே அவ்வழக்கத்தின் பரப்புக்குச் சான்றாகும்.

வாசகர் சிலர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பக்கூடும். ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு வீணாக்கப்பட்டது. அதில் 60 வீதம் வீடுகளிலும், 28 வீதம் உணவகங்கள் முதலிய இடங்களிலும், 12 வீதம் மாத்திரமே சில்லறைக் கடைகளிலும் வீணாகியது. அவ்வாறாயின் குற்றவாளி அங்காடியா, அடுப்படியா? நியாயமான வினாவே. இதற்கு விடையை ஓர் அங்காடி நிறுவனமே தந்திருக்கிறது. இங்கிலாந்தின் டெஸ்கோ நிறுவனம் 2013இல் தன் பண்டங்கள் சிலவற்றை வயலிலிருந்து வீடுவரை தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, பைகளில் அடைத்து விற்கப்படும் பச்சிலைக் கலவைக்காக விளைவிக்கப்பட்டதில் 68 வீதம் வீணாகியது. அதில் ஏறக்குறையப் பாதி, வாங்கியவர்களின் வீடுகளில் எறியப்பட்டது. இதன்பின் அந்நிறுவனம் செய்தது என்ன? பெரிய பைகளை ஒன்றுக்கு மேல் வாங்குவோருக்குச் சலுகை கொடுக்கும் விற்பனை முறையை நிறுத்துவதாக அறிவித்தது. நோய்க்கு எது காரணமென்று மருந்தே சொல்லிவிட்டது. தேவைக்கு மிஞ்சி வாங்கத் தூண்டுபவன் ஒருவன். மிஞ்சியதை எறியும்போது குற்றவுணர்வு கொள்பவள் வீட்டுப் பெண். எறியும் இடத்தை மாத்திரம் எண்ணும் புள்ளிவிவரம், எறியச் செய்த கையை எண்ணுவதில்லை. வயலுக்கும் அடுப்படிக்கும் பகிர்ந்து கொடுத்தபின் எஞ்சியதே அங்காடியின் 12 வீதம் என்று கொள்வது பொருந்தும்.

இப்பிரச்சினையை வேறு கோணத்தில் அணுகிய படைப்பொன்றோடு வார்டா அம்மையாரின் படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். ஜோன் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' என்ற நாவலின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலே, கலிபோர்ணியாவில் விலை வீழ்ச்சியைத் தடுப்பதற்காகத் தோடம்பழங்களின் மீது மண்ணெண்ணெய் தெளிக்கப்படுகிறது. கிழங்குகள் ஆற்றிலே கொட்டப்பட்டு, எவரும் எடுக்காதவாறு கரையிற் காவல் வைக்கப்படுகிறது. மண்ணெண்ணெய் அன்று, வெளிற்றும் திரவம் இன்று. ஆனால் ஸ்டைன்பெக் அக்காட்சியை அதன் காரணத்தோடு பிணைத்துக் காட்டுகிறார். பழம் ஏன் அழிக்கப்படுகிறது என்ற வினாவுக்கு, விலை இறங்கக்கூடாது என்ற விடை அவ்வதிகாரத்திலேயே இருக்கிறது. அதனால் படிப்பவரின் இரக்கம் கோபமாக வளர்கிறது. வார்டா அம்மையாரின் படத்தைப் பார்த்தவரின் இரக்கமோ, பொறுக்குவோர் மீது வியப்பாக மலர்ந்து, அவ்வளவில் நின்றுவிடுகிறது. ஸ்டைன்பெக்கிடம் இல்லாத ஒன்று அம்மையாரிடம் உண்டு என்பதையும் மறுத்தலாகாது. ஸ்டைன்பெக்கின் அந்த அதிகாரத்தில் பசித்தவர்கள் பெருங்கூட்டமாகத் தெரிகிறார்கள். அம்மையாரிடம் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குரலும் சிந்தனையும் உள்ள மனிதராக நிற்கிறார்கள். இவ்விரண்டும் சேர்ந்த படைப்பே நாம் வேண்டி நிற்பது.

சட்டத்தின் வரலாறும் இதே பாடத்தைத் தருகிறது. வயலிற் பொறுக்கும் உரிமையை 1554இல் ஏற்றுக்கொண்ட கட்டளை, அவ்வுரிமை எவருடைய ஈகையும் அன்று என்ற எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் சட்டமோ ஏழையையே குற்றவாளியாக்கியது. அந்தப் பழைய சட்டத்தைக் காட்டியே, 2013இல் இலண்டனில் பேரங்காடியொன்றின் பின்புறத்துத் தொட்டிகளிலிருந்து தக்காளி, காளான், பாற்கட்டி முதலியவற்றை எடுத்த மூவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. மக்களின் கண்டனம் வலுத்தபின் 2014இல் அவ்வழக்கு கைவிடப்பட்டது. பிரான்ஸ் 2016 பெப்ரவரியில் இயற்றிய சட்டம் இவற்றிலும் முற்போக்கானது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்புள்ள அங்காடிகள், விற்காத உணவை வழங்குவதற்குத் தரும நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தல் வேண்டும் என்றும், உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே கெடுப்பது 3,750 யூரோ தண்டத்துக்குரிய குற்றம் என்றும் அது விதித்தது. பிராட் நகரத்து முகாமையாளரின் செயல் பதினாறு ஆண்டுகளின் பின் குற்றமாயிற்று. இதில் அம்மையாரின் படத்துக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்றே நாம் கருதுகிறோம்.

அச்சட்டத்தை வரவேற்கும் அதேவேளை அதன் குறைபாட்டையும் காணவேண்டும். ஒப்பந்தம் வேண்டும் என்ற அச்சட்டம், எவ்வளவு உணவு வழங்கப்படவேண்டும் என்று கூறவில்லை. வழங்கிய உணவின் பெறுமதியில் 60 வீதத்தை, குறித்த எல்லைக்குட்பட்டு, வரியிலே கழித்துக்கொள்ளவும் பிரெஞ்சு வரிமுறை இடங்கொடுக்கிறது. வீணாகாமல் தடுப்பதே முதற்கடமை என்று சட்டத்தின் முகப்பிற் கூறப்பட்டிருப்பினும், நாம் மேலே காட்டிய பாண் கணக்கை அது தொடவில்லை. முன்பு தொட்டிக்குப் போன மிகை இப்பொழுது தருமசாலைக்குப் போகிறது. அதனைத் தரம்பிரிக்கும் உழைப்பை ஊதியமின்றித் தொண்டர்கள் செய்கின்றனர். கெட்டது அவர்களுடைய தொட்டியில் விழுகிறது. பசித்தவனுக்கு ஒருவேளை உணவு கிடைப்பதை நாம் அற்பமென்று கூறமாட்டோம். ஆனால் ஏழையின் தட்டு நிரம்புவது பணக்காரனின் மிகையைப் பொறுத்தது என்ற நிலை ஒரு தீர்வாகாது. உரிமையாயிருந்தது ஈகையாகச் சுருங்கியது என்பதே அதன் பொருள்.

'கலைஞரிடம் கணக்கேட்டைக் கேட்பது தகுமா? காட்சியைக் காட்டுவதோடு கலையின் பணி முடிந்துவிடுகிறதே' என்று தூய கலைவாதிகள் கூறுவர். இவ்வாதத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கணக்கேட்டைக் காட்டுவதால் கலை வறண்டுபோகும் என்ற அச்சத்துக்கு ஸ்டைன்பெக்கின் அதிகாரமே விடை. பசித்தவனின் முகத்தை எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும், அவன் பசிக்குக் காரணமான கையை வரையாதவரை ஓவியம் பாதியே. எமது ஈழத்துத் தமிழ்ச் சிறுகதையிலும் பசித்தவனின் முகம் பலமுறை வந்திருக்கிறது. கொழும்பு நகரத்தின் உணவு விலைகள் ஓராண்டுக்குள் ஏறக்குறைய இருமடங்காகிய 2022ஆம் ஆண்டின் பின்னர் அது இன்னும் அடிக்கடி வருகிறது. பேரங்காடியின் குளிர்ந்த கண்ணாடிக் கதவுகளும் இன்று எமது சிறு நகரங்கள் வரை வந்துவிட்டன. அக்கதவுக்குப் பின்னால் இரவு பத்து மணிக்கு நிற்கும் பெண்ணைப் பற்றியும், அவள் கையிற் கொடுக்கப்பட்ட பதிவேட்டைப் பற்றியும் கதை எழுதுவோர் எமக்கு வேண்டும்.

ஆசிரியர்களாகிய எம்மால் இயன்றது சிறிது. எனினும், கணித வகுப்பில் அந்தப் பாண் கணக்கைச் செய்விக்கலாம்; தமிழ் வகுப்பிலே 'பொறுக்கி' என்ற சொல்லின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லலாம். சிந்தியதை எடுத்தவனுக்கு நம் முன்னோர் வசைப்பெயர் வைத்தனர். உண்ணத்தக்கதைக் கணக்குப் பார்த்து எறிபவனுக்குப் பெயர் வைக்கும் வேலை எமது தலைமுறைக்கு எஞ்சியிருக்கிறது. 'கவனயீனன்' என்ற பெயர் மட்டும் அவனுக்குப் பொருந்தாது.